சரிபார்க்க முடியவில்லை

வீட்டில் அவள் சின்னவள். அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே அவளுக்குப் புதுசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் அவள் மறுப்புச் சொல்லவில்லை. படித்து முடித்த கையோடு படித்த படிப்புக்கே வேலை கிடைத்த சந்தோஷத்தில், அவளை நாற்காலி என்று கூப்பிட்டிருந்தால்கூடத் திரும்பிப் பார்த்திருப்பாள்.

அலுவலகம் என்பது டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு நீளமான அறை. ஏழு மேசைகள், சுவர் முழுக்க ஒரு வெள்ளைப் பலகை, திறந்தால் கீழே காற்றடிக்கும் இயந்திரத்தின் சத்தம் ஏறி வருவதால் எப்போதும் மூடியே கிடக்கும் இரண்டு ஜன்னல்கள். கைப்பேசிச் செயலிகளுக்குத் திரைகளை வடிவமைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். யார் எந்தப் பட்டனை அழுத்துவார்கள், அழுத்தினால் அடுத்து என்ன வர வேண்டும், எந்த இடத்தில் குழம்பிப் போய் கைப்பேசியை மூடி வைத்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே யோசிக்கிற வேலை. அதைத்தான் அவள் மூன்று வருடம் வகுப்பில் படித்தாள். கடைசி வருடத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் செயலி ஒன்றை வடிவமைத்து முதல் பரிசு வாங்கினாள். கண்காட்சியில் அந்தத் திரைகளை ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்தார்கள். நின்று பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் ஏராளம். அந்தச் செயலியால் ஒரு செடிகூட ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

வகுப்புக்காக எது செய்தாலும் முதலில் காட்டுவது அம்மாவிடமும் அக்காவிடமும்தான். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பதினேழு வருடமாக அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பழகியதால், வீட்டில் யாராவது பேச்சில் கொஞ்சம் தடம் மாறினாலும் அம்மாவின் வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தும். அக்கா மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். இருவரும் திரையைப் பார்த்து, "நல்லா இருக்கே" என்பார்கள். அம்மா பல சமயம் கண்ணாடி போடாமலேயே சொல்லிவிடுவார்.

அலுவலகத்தின் சொந்தக்காரம்மாவைத் தலைவி என்று முதுகுக்குப் பின்னாலும் மேடம் என்று முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள். நாற்பது வயது. எதையாவது யோசிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருப்பாள். நிரல் எழுதுகிறவனுக்கு முடியாது அண்ணன் என்று பெயர். எதைக் கேட்டாலும் முதல் வார்த்தையாக "முடியாது" என்பான். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு, முடியாது என்று சொன்னதையும் மறந்துவிடுவான்.

சின்னவள் சேர்ந்த மூன்றாவது வாரம், லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் மேனேஜர் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, கையில் இரண்டு கைப்பேசி. நகரத்தில் அறுநூறு லிஃப்ட்டுகளை அவருடைய மெக்கானிக்குகள் மாதத்துக்கு ஒரு முறை பார்த்து வருகிறார்கள். ஒவ்வொரு லிஃப்ட்டிலும் முப்பத்திரண்டு விஷயங்களைச் சோதிக்க வேண்டும். கதவுப் பூட்டு, கம்பி வடம், அவசர மணி, மேலே மோட்டார் அறை, கீழே குழி. ஒவ்வொன்றுக்கும் செயலியில் 'சரி', 'சரியில்லை' என்று இரண்டே கட்டங்கள்.

"ஆப் பாக்கவே பழசா இருக்கு. பெரிய பெரிய கட்டடக்காரங்க பாத்துட்டுச் சிரிக்கறாங்க. நல்லா பளிச்சுனு ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்றார் மேனேஜர்.

"வேற ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று தலைவி கேட்டாள்.

"ரிப்போர்ட்ல ஒரு பிரச்சினையும் இல்ல. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரின்னுதான் வருது." அவர் கொஞ்சம் தயங்கினார். "ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்கு. லிஃப்ட்தான் அங்கங்க நின்னுடுது. உள்ள மாட்டிக்கிட்டவங்க போன் பண்ணித் திட்டறாங்க. நம்ம ஆளுங்க கொஞ்சம் சோம்பேறிங்க, அதான்."

வேலையைத் தலைவி சின்னவளிடம் கொடுத்தாள். ஒரு வாரம் அவள் தலை நிமிரவில்லை. ஆழ்ந்த நீலப் பின்னணி, மெல்லிய எழுத்து. ஒவ்வொரு கட்டத்தை அழுத்தும்போதும் ஓரத்தில் ஒரு குட்டி லிஃப்ட் ஒரு மாடி மேலே ஏறும். முப்பத்திரண்டாவது கட்டத்தில் உச்சிக்குப் போய்க் கதவு திறந்து வெளிச்சம் கொட்டும். முடியாது அண்ணன்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம், ஆனா இந்த வெளிச்சம் முடியாது" என்றான்.

தலைவி திரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. யார்கிட்ட காட்டின?"

"எங்க அக்காகிட்ட."

"அக்கா லிஃப்ட் மெக்கானிக்கா?"

"மருந்துக் கடை."

"சரி" என்றாள் தலைவி. கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். படங்களை மேனேஜருக்கு அனுப்பி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

சின்னவளுக்கு முகம் சிவந்துபோனது. ஆனால் அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை. அந்தச் 'சரி'யில் இருந்த குத்தல் புரிந்துவிட்டது, புரிந்தபின் அதைச் சும்மா விடவும் மனம் வரவில்லை. மறுநாளே தன்னை ஒரு மெக்கானிக்கோடு அனுப்பச் சொல்லி மேனேஜருக்கு எழுதினாள். பதில் வருவதற்குள் பழைய செயலியில் பதிவான எல்லாவற்றையும் எடுத்துத் தரும்படி முடியாது அண்ணனைக் கேட்டாள். அவன் முடியாது என்றான். மதியச் சாப்பாட்டுக்குள் கோப்பு வந்து சேர்ந்தது.

அதைத் திறந்து உட்கார்ந்தவள் இரண்டு தடவை கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஆறு மாதத்துப் பதிவுகள். முக்கால்வாசி, மாலை ஐந்து இருபதுக்கும் ஐந்தே முக்காலுக்கும் இடையில் பதிவானவை. ஒரு லிஃப்ட்டின் முப்பத்திரண்டு கட்டங்களும் நிரம்ப எடுத்துக்கொண்ட நேரம் சுமார் நாற்பது வினாடி. அதை முடித்த கையோடு அடுத்த லிஃப்ட், அதுவும் நாற்பது வினாடி. நகரத்தின் நாலு மூலையில் இருக்கும் கட்டடங்களை நாலு நிமிடத்தில் யாரோ பறந்து பறந்து பார்த்திருக்கிறார்கள்.

"இது மனுஷன் பண்ற வேலை இல்ல" என்றான் முடியாது அண்ணன்.

"மனுஷன்தான் பண்ணியிருக்கான். ஏன்னுதான் தெரியணும்" என்றாள் அவள்.

மேனேஜர் அனுப்பிவைத்த மெக்கானிக் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியைத் தொப்பிக்குள் செருகி, தோளில் பளுவான பையும் இடுப்பில் சாவிக்கொத்துமாகக் காலை எட்டு மணிக்கு ஒன்பது மாடிக் குடியிருப்பின் வாசலில் நின்றிருந்தாள். சின்னவளையும் அவள் கையிலிருந்த நோட்டையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"புது ஆப்பா? இதுக்கு முன்னாடி ரெண்டு புதுசு வந்து போயிடுச்சு."

மெக்கானிக் அக்கா என்று சின்னவள் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்ட அந்தப் பெண் அதற்கு மேல் நிற்கவில்லை. வேலையில் இறங்கிவிட்டாள். முதலில் உச்சி மாடிக்குப் போனார்கள். மோட்டார் அறை பூட்டியிருந்தது. சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம், செயலாளர் வெளியூரில். அக்கா பூட்டை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அடுத்து அடித்தளம். கீழ்க் கதவை நெம்பித் திறந்து விளக்கை அடித்தாள். குழிக்குள் கணுக்கால் உயரத்துக்குக் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. மின்கம்பிகள் ஓடும் இடம். அதில் இறங்க முடியாது. கதவை மூடினாள்.

அதன்பின் ஒன்பது மாடிக்கும் கதவு கதவாகப் போனாள். கையுறை மாட்டிய கையால் ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்தாள். நாலாவது மாடியில் கதவு ஓரிடத்தில் உரசியது. "கேக்குதா?" என்று மட்டும் கேட்டாள். சின்னவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா மண்டியிட்டு, கதவின் அடியில் தேய்ந்து கிடந்த ஒரு சின்னத் துண்டைக் கழற்றிப் பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் பொருத்தினாள். அரை மணி நேரம் ஆனது. கதவு வெண்ணெய்போல் நகர்ந்தது. அவ்வளவு நேரமும் அவளுடைய கைப்பேசி பையின் அடியில் ஒரு பழந்துணிக்குள் சுருண்டு கிடந்தது. கையெல்லாம் எண்ணெய், கீழே சிக்னலும் கிடையாது. நீலப் பின்னணியில் மெல்லிய எழுத்து வைத்ததை நினைத்துச் சின்னவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்றைக்கு மூன்று கட்டடங்கள் முடித்தார்கள். மாலை ஐந்து இருபதுக்கு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கை கழுவி, அக்கா கைப்பேசியை வெளியே எடுத்தாள். கட்டை விரல் ஓடிய ஓட்டத்தைச் சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவு சரி, வடம் சரி, மோட்டார் அறை சரி, குழி சரி. முப்பத்திரண்டும் சரி. நாலாவது மாடியில் அரை மணி நேரம் மண்டியிட்டதை எழுத அதில் இடமே இல்லை.

"குழில தண்ணி இருந்துச்சே அக்கா" என்றாள் சின்னவள்.

அக்காவின் முகம் ஷட்டர் இறக்கியதுபோல் மூடிக்கொண்டது. "உங்களை அனுப்பினது மேனேஜர்தானே? போய் எழுதிக்குடுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

சின்னவள் நோட்டை மூடிப் பைக்குள் போட்டாள். என்ன பேசுவதென்று யோசித்துப் பேசவில்லை. மனதில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"நானும் இதைத்தான் பண்ணினேன் அக்கா. காலேஜ்ல ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் எட்டுப் பேரைப் பாத்துப் பேசி எழுதணும். எட்டுப் பேர் கெடைக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை குடுக்கணும். ஃபார்ம்ல எட்டுக் கட்டம். மூணு பேரைத்தான் பாத்தேன்னு எழுதினா மார்க் போயிடும். அதனால எங்க அம்மாவையே நாலு ஆளா எழுதுவேன். ஒரு தடவை ரிட்டயரான பேங்க் குமாஸ்தா, வயசு அறுபத்தொண்ணு. ஒரு தடவை விவசாயி. எங்க அம்மா கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கறவங்க. அப்படி எழுதின ஒரு புராஜெக்ட்டுக்குத்தான் எனக்கு முதல் பரிசு."

மெக்கானிக் அக்கா டீயைக் குடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். வாயிலிருந்த டீ சட்டையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தாள்.

"விவசாயியா" என்று துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாலு ஏக்கர்னு போட்டேன்."

அதற்கப்புறம் அக்கா நிறுத்தாமல் பேசினாள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் போகாது. 'சரியில்லை' என்று போட்டால் அது மெக்கானிக் பெயரில் பழுதாக ஏறும். மாதக் கடைசியில் மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தவருக்கு ஊர்க்கோடியில் இருக்கும் கட்டடங்களாகப் பார்த்து ஒதுக்குவார்கள். போதாததற்குத் திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஊர்க்கோடிக்குப் போனா வீடு வந்து சேர எட்டு மணி ஆயிடும். நீயே சொல்லு. குழில தண்ணி நிக்குது. குழி சரியா, சரியில்லையா? எனக்குத் தெரியாது, ஏன்னா நான் குழியைப் பாக்கவே இல்ல. பாக்கலன்னு சொல்றதுக்கு இதுல எடமில்ல."

அவள் 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வந்துவிட்டதைச் சின்னவள் கவனித்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்கு லிஃப்ட் கதையெல்லாம் காதில் ஏறவில்லை.

"அறுபத்தொண்ணுன்னா எழுதின?" என்றார். வலது கால் தரையை அழுத்தியது.

"அது பேங்க் குமாஸ்தாவுக்கும்மா."

"எனக்கு அம்பத்தி ரெண்டுதான். எங்க வேணும்னாலும் கேட்டுப் பாரு."

"நான் என்னவா இருந்தேன்?" என்று அக்கா கேட்டாள்.

"நீ ரெண்டு பிள்ளை பெத்த நர்ஸ்."

அக்காவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. சிரிப்புக்கு நடுவில் சின்னவளுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பிடிபட்டது. அவள் பொய்க்காரி இல்லை, மெக்கானிக் அக்காவும் பொய்க்காரி இல்லை. இருவருக்கும் கொடுக்கப்பட்ட படிவத்தில் உண்மைக்குக் கட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. அப்படிக் கட்டம் போடுவதுதான் இனி தன் வேலை.

மறுநாள் நீலத்தையும் ஏறும் லிஃப்ட்டையும் ஓரமாக வைத்தாள். வெள்ளைத் திரை, கையுறையோடு அழுத்தினாலும் தவறாத பெரிய பட்டன்கள். 'சரி', 'பழுது', மூன்றாவதாக 'சரிபார்க்க முடியவில்லை'. மூன்றாவதை அழுத்தினால் ஒரே வரியில் காரணம்: சாவி இல்லை, தண்ணீர் நிற்கிறது, ஆள் இல்லை. கூடவே, அன்றைக்குக் கையால் சரிசெய்ததை வாயால் சொல்லிப் பதிவுசெய்ய ஒரு பட்டன். சிக்னல் இல்லாத இடத்திலும் எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்றதும் முடியாது அண்ணன் வழக்கமான பதிலைச் சொன்னான். இந்த முறை அரை மணி நேரத்தில் அல்ல, நாலு நாளில் முடித்தான். மெக்கானிக் அக்காவும் அவளுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் டீக்கடை பெஞ்சிலேயே அதை வைத்து விளையாடிப் பார்த்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள், 'ஆள் இல்லை'யை எடுத்துவிட்டு 'உள்ளே விடவில்லை' என்று போடச் சொன்னார்கள். போட்டாள்.

"மதிப்பெண்ணை என்ன பண்றது மேடம்?" என்று தலைவியிடம் கேட்டாள். "அது இருக்கிற வரைக்கும் மூணாவது பட்டனை யாரும் தொட மாட்டாங்க."

"அது அவங்க நிர்வாகம். நம்ம வேலை திரை மட்டும்தான்."

"யாரும் தொடாத பட்டனைப் போட்டுக் குடுக்கறதுக்கு அந்த நீலமே நல்லா இருக்குமே மேடம்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். வெகுநேரம் துடைத்தாள். "அப்போ மேனேஜர்கிட்ட நீயே பேசு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

மேனேஜர் அலுவலகத்தில் கூட்டம். நீள மேசை, சுவரில் அந்த மாதத்து மதிப்பெண் பட்டியல். மேனேஜர் வெள்ளைத் திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"நீலமா ஒண்ணு அனுப்பினீங்களே. லிஃப்ட் மேல போகுமே, அது எங்க?"

"அது அழகா இருந்துச்சு சார். உபயோகமா இல்ல" என்றாள் சின்னவள். தன் வாயாலேயே இதைச் சொல்ல முடிந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

மூன்றாவது பட்டனைப் பற்றி விளக்கினாள். மேனேஜர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்படி ஒரு பட்டன் குடுத்தா எல்லாரும் அதையே அழுத்திட்டு உக்காந்துடுவாங்கம்மா."

"இப்ப எல்லாரும் 'சரி'யை அழுத்திட்டு உக்காந்திருக்காங்க சார்."

"யார் சொன்னது?" என்றார் மேனேஜர். குரல் மாறியிருந்தது. "எந்த மெக்கானிக்? பேரைச் சொல்லுங்க."

"பேர் எதுக்கு சார்? உங்க ரெக்கார்டே சொல்லுது. ஒரு நிமிஷம், உங்க போன்ல பழைய ஆப் இருக்கில்ல? சோதனைக்குன்னு ஒரு லிஃப்ட்டைப் புதுசா சேத்திருக்கோம். அதைத் திறந்து முப்பத்திரண்டு கட்டத்தையும் உங்களால எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா 'சரி'ன்னு போடுங்க. நான் நேரம் பாக்கறேன்."

மேனேஜருக்குப் போட்டி என்றால் பிடிக்கும் போலிருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். கட்டை விரல் தடதடவென்று ஓடியது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நாப்பத்தோரு செகண்ட்" என்றாள் சின்னவள். "உங்க ஆளுங்க சராசரி நாப்பது. இப்ப சொல்லுங்க சார், இந்த நாப்பத்தோரு செகண்ட்ல நீங்க எந்த லிஃப்ட்டைப் பாத்தீங்க?"

மேனேஜர் கைப்பேசியைப் பார்த்தார். சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார். பட்டியலில் எல்லார் பெயருக்கு நேராகவும் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது.

"சோதிச்சுப் பாக்க ஒரு வழித்தடத்துக் கட்டடங்க மட்டும் போதும்" என்றாள் அவள். "எட்டு மெக்கானிக். ஒரு மாசம். அந்த ஒரு மாசம் மூணாவது பட்டனுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது, திங்கட்கிழமை நிக்க வைக்கக் கூடாது. இதை நீங்களே அவங்ககிட்ட வாயால சொல்லணும். நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க."

மேனேஜர் தலைவி பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு நல்லாப் பேசறா" என்றார்.

"பொண்ணு இல்ல சார், எங்க டிசைனர்" என்றாள் தலைவி.

மேனேஜர் ஒரு மாதத்துக்கு ஒத்துக்கொண்டார்.

முதல் வாரம் மூன்றாவது பட்டன் புதுக் கருக்கு மாறாமல் கிடந்தது. எட்டுப் பேரில் ஒருவர்கூடத் தொடவில்லை. முடியாது அண்ணன் தினமும் காலையில் எண்ணிக்கையைப் பார்த்து, "பூஜ்யம்" என்று செய்தி வாசிப்பான். பொறுக்க மாட்டாமல் சின்னவள் மெக்கானிக் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"மேனேஜர் வந்து சொன்னாரே அக்கா."

"சொன்னாரு. யார் முதல்ல தொடறாங்கன்னு எட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

இரண்டாவது வாரம் புதன்கிழமை பதினொன்று பத்துக்கு முதல் பதிவு வந்தது. ஒன்பது மாடிக் குடியிருப்பு, குழி, சரிபார்க்க முடியவில்லை, தண்ணீர் நிற்கிறது. அனுப்பியவர் யார் என்று பார்க்கவே தேவையில்லை. மறுநாளிலிருந்து குழாய் திறந்த மாதிரி வந்தது. சாவி இல்லை, சாவி இல்லை, தண்ணீர், உள்ளே விடவில்லை, சாவி இல்லை. நேரமும் மாறியிருந்தது. காலை ஒன்பது, பத்தரை, மதியம் இரண்டு. ஒரு லிஃப்ட்டுக்குப் பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். மனிதர்கள் வேலை செய்கிற நேரம்.

மாதம் முடிந்த அன்று மேனேஜர் போன் செய்தார்.

"முன்னாடி தொண்ணூத்தெட்டு. இப்ப அறுபத்தொண்ணு. உங்க ஆப் வந்து என் லிஃப்ட் எல்லாம் கெட்டுப்போச்சு. மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"லிஃப்ட் முன்னாடியும் அப்படித்தான் சார் இருந்துச்சு. இப்பதான் உங்க கண்ணுக்குத் தெரியுது" என்றாள் சின்னவள்.

மேனேஜர் போனை வைத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னதில் எந்த வார்த்தையைத் திரும்ப வாங்கலாம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை. எழுந்துபோய்த் தலைவியிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். "கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்" என்றாள் தலைவி. "ஆனா வேற எதைச் சொல்லியிருப்ப?"

ஐந்தாம் நாள் மேனேஜர் நேரிலேயே வந்து நின்றார். கையில் நாலாக மடித்த காகிதம்.

"பதினாலு கட்டடத்துல மோட்டார் அறைச் சாவி நம்மகிட்ட இல்ல. அஞ்சு மாசமா ஒருத்தரும் அந்த மோட்டாரைப் பாக்கல. ஒன்பது குழில தண்ணி. ரெண்டு எடத்துல கம்பி தண்ணிக்குள்ளயே கெடக்கு. நேத்து நானே போய்ப் பாத்தேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்கு யாரும் சொல்லல."

சொல்ல இடமில்லாமல் இருந்தது என்று சின்னவள் நினைத்தாள். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டாள். மனிதர் ஏற்கெனவே வருந்திப்போய் வந்திருந்தார்.

சாவிகளுக்கு எல்லாக் கட்டடங்களுக்கும் கடிதம் போயிற்று. தண்ணீர் இறைக்க மோட்டாரோடு ஒரு வண்டி புறப்பட்டது. மதிப்பெண் பட்டியலைச் சுவரிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள் பெரிய விவாதம் நடந்ததாம். கடைசியில் பட்டியல் இருக்கட்டும், மூன்றாவது பட்டனுக்கு மட்டும் யாருக்கும் மதிப்பெண் குறையாது என்று முடிவானது. மதிப்பெண்ணையே எடுத்துவிடச் சொல்லிச் சின்னவள் முழுசாகக் கேட்டிருந்தாள், முக்கால் கிடைத்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. அந்த வழித்தடத்தில் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பு பாதியாகக் குறைய நாலு மாதம் ஆனது. அதற்குள் மற்ற வழித்தடங்களுக்கும் புதுச் செயலி போய்விட்டது.

மேனேஜர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக நின்றார். நீலம் வேண்டும். சின்னவள் அவருடைய அறிக்கைத் திரைக்கு நல்ல ஆழ்ந்த நீலமாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறவர், கையில் எண்ணெயும் இல்லை. அவருக்கு அது பொருத்தம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மெக்கானிக் அக்காவிடமிருந்து போன் வந்தது. பின்னால் எங்கோ இரும்பு தட்டும் சத்தம்.

"அந்தக் குரல் பதிவு பட்டன் இருக்கில்ல, அது எடது ஓரத்துல இருக்கு. எடது கைல நான் டார்ச் புடிச்சிருப்பேன். எட்டவே மாட்டேங்குது. யாரு யோசிச்சு வெச்சது இதை?"

"நான்தான் அக்கா."

"அப்போ சரி, திட்டல."

"திட்டுங்க, பரவால்ல. நாளைக்குக் காலைல எங்க இருப்பீங்க? வந்து பாக்கறேன்."

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஆறு மாடிக் கட்டடம். எட்டு மணிக்கு. ஆனா நான் லிஃப்ட்டை நிறுத்திடுவேன், படியேறித்தான் வரணும்."

"ஏறிடறேன்" என்றாள் சின்னவள்.